நகத்தளவு தோலில் ஒரு வேலை

காசிமேட்டுக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட கரையில் ஓங்கல் (டால்பின்) செத்து ஒதுங்கினால் ஊர் கூடும், செல்போனில் படம் எடுக்கும், பொழுது சாய்வதற்குள் மணலில் புதைத்துவிடும். கூடவே ஓர் அரிய ஆவணமும் மண்ணுக்குள் போய்விடுகிறது. அந்த விலங்கு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, அந்தக் கூட்டம் எதனோடு கலக்கிறது என்ற விவரமெல்லாம் நகத்தளவு தோலில் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்வதே ஒரு வேலை. வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது எட்டாத வேலையும் இல்லை.

நம் கடலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? கூன்முதுகு ஓங்கல்களை 2014இல் நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். மேற்கே ஆப்பிரிக்காவரை ஓர் இனம், கிழக்கே சீனாவரை இன்னோர் இனம். இரண்டுக்கும் வங்கக் கடலில் எல்லை எது என்பது தீராத கேள்வி. வங்கதேசக் கரையோர ஓங்கல்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், அவை இரண்டு பக்கத்திலிருந்தும் விலகியே நின்றன. நம் கரை இந்தக் கேள்வியின் நடுவில் கிடக்கிறது. இங்கே கிடைக்கும் ஒவ்வொரு மாதிரியும் உலகத்துக்கே வேண்டியது.

வேலையின் சாரம் எளிது. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ. என இரண்டையும் படிக்க வேண்டும். இரண்டு கூட்டங்கள் நெடுங்காலம் கலக்காமல் இருந்தால் அவற்றின் மரபணு வகைகள் வெவ்வேறு விகிதத்தில் தென்படும். அரபிக்கடல் கூனல் திமிங்கிலங்கள் சுமார் 70,000 ஆண்டுகளாகத் தனித்திருப்பது 2014இல் தெரிந்தது இப்படித்தான். நம் ஆவுளியாவுக்கும் (கடற்பசு) தனித்த மரபுக்கிளை உண்டென்று டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். தனித்த கூட்டம் அழிந்தால் பக்கத்துக் கூட்டம் வந்து அந்த இடத்தை நிரப்பாது. இந்தப் படிப்பை நான் முக்கியமென்று நினைப்பது அதற்காகத்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் அனுமதி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓங்கல் இருக்கிறது. செத்த விலங்கின் பல்லைக்கூட வனத்துறை அனுமதியின்றித் தொடக் கூடாது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்ப, அருகிவரும் உயிரின வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டீஸின் அனுமதியும் வேண்டும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் சடலத்தின் அருகே போகாதீர்கள். தோலை 95 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும்; பலர் சறுக்குவது இங்கேதான். சீட்டில் தேதி, இடம், நீளம், பால் எழுதுங்கள், பென்சிலால். பேனா மை எத்தனாலில் கரைந்துபோகும். அழுகிய உடலில் பால் தெரியாவிட்டாலும் டி.என்.ஏ. சொல்லும், அதற்கான பி.சி.ஆர். முறையை இந்தியக் கடல் விலங்குகளில் பி. ஜெயசங்கர் குழுவினர் 2008இல் வெளியிட்டார்கள்.

படிப்புக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி, வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி. ராயபுரம் மீன்பிடித் துறைமுகத்திலேயே இந்திய மீன்வள அளவைத் தளம் இருக்கிறது. முதுநிலை முடித்து, நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் (ஜே.ஆர்.எஃப்.) தகுதியோடு தேறினால் ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. தற்காலிகத் திட்டப் பணிகளில் இதைவிடக் குறையலாம், நிரந்தர இடங்களும் சொற்பம். வீட்டில் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். புள்ளியியலையும் ஆர் மென்பொருளையும் இப்போதே பழகுங்கள். கடலில் இருக்கும் நேரத்தைவிடக் கணினி முன் இருக்கும் நேரம் அதிகம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது படகுக்காரர்களின் நம்பிக்கை. வலையில் ஓங்கல் மாட்டினால் வழக்கு வருமோ என்று பயந்து, சொல்லாமல் கடலிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நோட்டும் கையுமாகப் போய் விசாரித்தால் வாய் திறக்க மாட்டார்கள். ஏலம் முடிந்து வலை பிரிக்கும் நேரத்தில் போங்கள். “அண்ணே, எவ்ளோ ஆழத்துல மாட்டிச்சு?” என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குக் கிடைக்கும் தகவல் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்காது.

அடுத்த முறை ஓங்கல் ஒதுங்கியதாகச் சேதி வந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் வரும்வரை அங்கேயே இருங்கள். வந்ததும் அவர் மாதிரி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.