வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: வாரண்டி முடியாத காரில் உரிமையாளரே ஆயில், ஃபில்டர், பிரேக் பேடு மாற்றினாலோ, உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்து வேலை பார்த்தாலோ வாரண்டி முழுவதும் ரத்து என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். உதிரிபாகத்தைக் கையில் விற்பதில்லை. எச்சரிக்கை விளக்கை அணைக்கும் ஸ்கேனரும் அவர்களிடம் மட்டுமே இருக்கிறது. இதற்குச் சட்டத்தில் இடமுண்டா? கார் வாங்கியது ஆந்திர எல்லைக்கு அப்பால். வழக்கை எங்கே போடுவது?
— வாசகர், ஆரம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: சொந்த வாகனத்தை உரிமையாளரே பழுதுபார்ப்பதை இந்தியாவில் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சிக்கல் எழுவது பழுதுபார்த்த பிறகு நிறுவனத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது என்பதில்தான். இதற்கான விடை மூன்று சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. வாகனத்தில் எதைத் தொடலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 சொல்கிறது. உதிரிபாகத்தையும் கருவிகளையும் நிறுவனம் பூட்டி வைக்கலாமா என்பது போட்டிச் சட்டம், 2002-க்கு உட்பட்டது. தனிப்பட்ட வாடிக்கையாளருக்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்டுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019.

பழுதுபார்ப்பும் மாற்றியமைப்பும்

தேய்ந்த பாகத்தை எடுத்துவிட்டு அதே வகைப் பாகத்தைப் பொருத்துவது பழுதுபார்ப்பு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி செய்வது மாற்றியமைப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுப்பது இரண்டாவதை மட்டுமே. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தெளிவுபடுத்தியது. மீறும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆயில், ஃபில்டர், பேட்டரி, பிரேக் பேடு, பல்பு, வைப்பர், பெல்ட் ஆகியவற்றை மாற்றுவதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. சில கார்களில் முன்பக்க பம்பரைக் கழற்றினால்தான் ஹெட்லைட் பல்பை எட்ட முடியும். வேலை கடினமாக இருக்கிறது என்பதற்காக அது மாற்றியமைப்பு ஆகிவிடாது. பொதுவான ஓபிடி ஸ்கேனரைச் செருகிக் கோளாறுக் குறியீட்டைப் படிப்பதும் குற்றமல்ல. ஆனால் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் வாகனத்தில் புகை வடிகட்டியைக் கழற்றி எறிவதும், இன்ஜின் மென்பொருளைத் திருத்தி அதை ஏமாற்றுவதும் பழுதுபார்ப்பு என்ற கணக்கில் வராது. வேறு எண்ணுள்ள இன்ஜினைப் பொருத்தினால் அதைப் பதிவுச் சான்றிதழிலும் பதிந்தாக வேண்டும்.

வாரண்டி முழுவதும் ரத்தாகுமா?

வாரண்டி என்பது ஓர் ஒப்பந்தம். அதில் நிபந்தனை விதிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு எல்லை எது என்பதை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று ஷம்ஷேர் கட்டாரியா எதிர் ஹோண்டா சியல் கார்ஸ் வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. ஹோண்டா, வோக்ஸ்வாகன், ஃபியட் ஆகிய மூன்று நிறுவனங்கள் மீது 2011-ல் பதிவான புகார், விசாரணையின்போது மற்ற தயாரிப்பாளர்களையும் உள்ளடக்கும்படி விரிந்தது. மாருதி சுசுகி, டாடா, மகிந்திரா, டொயோட்டா, ஃபோர்டு உட்பட 14 நிறுவனங்கள் சட்டத்தை மீறியதாக முடிவாகி, மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் மீது 2015 ஜூலையில் 420.26 கோடி ரூபாய் அபராதத்துடன் தனி உத்தரவு வந்தது.

ஆணையத்தின் வாதம் எளிமையானது. கார் வாங்கும் வரை வாடிக்கையாளருக்கு முன்னால் பல நிறுவனங்கள் இருக்கின்றன. வாங்கிய பிறகு அந்த மாடலுக்கான உதிரிபாகம் ஒரே நிறுவனத்திடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே தன் காரின் உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் தனிப்பெரும் ஆதிக்கம் செலுத்துகிறது. உதிரிபாகம், பழுதுபார்ப்புக் கையேடு, கோளாறு கண்டறியும் கருவி ஆகியவற்றை வெளிப் பட்டறைகளுக்குத் தர மறுப்பது அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று ஆணையம் கூறியது. இப்படி அடைத்து வைத்ததால் உதிரிபாகங்களின் விலை சராசரியாக 100 சதவீதம் உயர்த்தப்பட்டதாகவும், சுமார் 2 கோடி கார் வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டதாகவும் அது குறிப்பிட்டது.

வாரண்டி பற்றிய கட்டளைதான் இந்தக் கேள்விக்கு நேரடியான விடை. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி மொத்தமும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை வைக்கக் கூடாது. வெளியே நடந்த தவறான வேலையால் சேதம் உண்டானால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம். பிரேக் பேடை உரிமையாளரே மாற்றிய காரில் ஏசி கம்ப்ரஸர் பழுதானால், இரண்டுக்கும் தொடர்பு இல்லை. தரமற்ற ஆயிலை ஊற்றியதால் டர்போ சிக்கிக்கொண்டால் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பை எடுத்துக்காட்ட வேண்டியது மறுக்கும் தரப்பு.

இதில் மூன்று எச்சரிக்கைகள் தேவை. ஆணையம் ஆராய்ந்தது பயணிகள் கார்களை. மீன் பெட்டி ஏற்றும் சிறு சரக்கு வண்டிகளுக்கு அந்தக் கட்டளை நேரடியாகப் பொருந்தாது. அதன் அடிப்படையை எடுத்து வாதாடலாம். இரண்டாவது, கூடுதல் பணம் கட்டி வாங்கும் நீட்டிக்கப்பட்ட வாரண்டி தனி ஒப்பந்தம். குறித்த கிலோமீட்டரில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், செய்ததற்கான சான்று அவசியம். மூன்றாவது, பழவேற்காடு ஏரியோரம் ஓடும் வண்டிகளுக்கே உரியது. உப்புக்காற்றாலும் உவர்நீராலும் அடித்தட்டிலும் வயரிங் இணைப்புகளிலும் பிடிக்கும் துருவைப் பெரும்பாலான வாரண்டிகள் சுற்றுச்சூழல் பாதிப்பு என்று விலக்கி வைக்கின்றன. அத்தகைய பழுதில் வெளியாள் கை வைத்தாரா என்ற கேள்வியே எழாது.

போட்டி ஆணையத்தின் உத்தரவை நிறுவனங்கள் எதிர்த்தன. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் தொடுத்த மேல்முறையீடுகளில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் சட்டமீறல் நடந்ததை உறுதி செய்தது. அபராதத்தைக் கணக்கிடும் அடிப்படையை மட்டும் சுருக்கியது. ஹூண்டாய் ஆணையத்தின் அதிகாரத்தையே கேள்வி கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. நுகர்வோர் ஆணையத்தில் இந்த உத்தரவைக் காட்டும்போது, அதற்கு மேல்முறையீடு உண்டு என்ற பதில் எதிர்த்தரப்பிலிருந்து வரும். அதனால் புகாரை இந்த ஓர் உத்தரவின் மேல் மட்டும் நிறுத்தாமல் நுகர்வோர் சட்டத்தின் மேலும் நிறுத்த வேண்டும்.

நுகர்வோர் சட்டம் தரும் பிடி

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(41) பிரிவு, ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதைக் கட்டுப்பாட்டு வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. பாகத்தைத் தனியாக விற்க மாட்டோம், எங்களிடமே பொருத்திக் கூலியும் கொடுத்தால்தான் தருவோம் என்பது இந்த வரையறையின் கீழ் வாதிடத்தக்கது. வாரண்டியில் உள்ள வேலையைக் காரணமின்றி மறுப்பது 2(11) பிரிவின்படி சேவைக் குறைபாடு. புகார் நிரூபணமானால் பழுதை நீக்கித் தரவும், பாகத்தை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும், அந்த நடைமுறையைக் கைவிடவும் 39-வது பிரிவின் கீழ் ஆணையம் உத்தரவிடலாம்.

வாகனம் தொழிலுக்குப் பயன்பட்டால் உரிமையாளர் நுகர்வோர் அல்ல என்று நிறுவனங்கள் வாதிடுவது வழக்கம். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை 2(7) பிரிவின் விளக்கம் காப்பாற்றுகிறது. நண்டும் இறாலும் ஏற்றிச் சென்று விற்றுக் குடும்பம் நடத்துபவர் இதில் அடங்குவார். பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டும் வியாபாரி அடங்க மாட்டார்.

புகாரை எங்கே தருவது?

ஆரம்பாக்கம் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழக எல்லையோரத்தில் இருக்கிறது. அடுத்து வரும் தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. பழைய 1986-ம் ஆண்டுச் சட்டப்படி எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ, வழக்குக்கான காரணம் எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடர அனுமதிக்கிறது. எனவே கார் எங்கே வாங்கப்பட்டிருந்தாலும் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தரலாம். விற்பனையாளரையும் தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகக் காட்டுவது நல்லது.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் புகாரைப் பதியலாம். ஒப்பந்த நிபந்தனையே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோருவதானால் மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. மாநில ஆணையத்தை அணுக வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய ஆதாரங்கள்

இத்தகைய வழக்குகள் வெல்வதும் தோற்பதும் காகிதத்தில்தான். தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன தரத்திலுள்ள ஆயில், அசல் பாகம் ஆகியவற்றுக்கான ஜிஎஸ்டி பில், பாக எண் தெரியும் உறையின் படம், வேலை செய்த நாளில் ஓடோமீட்டர் காட்டிய அளவு, உள்ளூர் மெக்கானிக் என்ன செய்தார் என்று எழுதித் தந்த ரசீது ஆகியவை இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் வாரண்டியை மறுத்தால், காரணத்தை ஜாப் கார்டிலோ மின்னஞ்சலிலோ எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வாய்மொழி மறுப்பு பின்னால் மாறிவிடும். பாகத்தின் பழுதுக்குக் காரணம் எது என்பதில் சர்ச்சை எழுந்தால், 38-வது பிரிவின் கீழ் ஆய்வகப் பரிசோதனைக்கு அனுப்ப ஆணையத்தைக் கோரலாம். அதனால் கழற்றிய பழைய பாகத்தைக் காயலான் கடையில் போட்டுவிடக் கூடாது.

விபத்து நேர்ந்தால்

தானே பழுதுபார்த்த வண்டி விபத்தில் சிக்கினால், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கான இழப்பீட்டை அந்தக் காரணத்துக்காகக் காப்பீட்டு நிறுவனம் மறுக்க முடியாது. மறுப்பதற்கான காரணங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவு வரையறுத்துவிட்டது; அவற்றில் இது இல்லை. சொந்த வண்டியின் சேதத்துக்கான கோரிக்கை வேறு. வாகனத்தை ஓட்டத் தகுந்த நிலையில் பராமரிக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. அரைகுறையாக முடித்த பிரேக் வேலை அங்கே உரிமையாளருக்கு எதிராகத் திரும்பும். மேலும், மாற்றியமைத்த பொருளால் தீங்கு நேர்ந்தால் விற்பனையாளர் மீது பொருள் பொறுப்பு வழக்கு தொடர முடியாது என்று நுகர்வோர் சட்டத்தின் 87-வது பிரிவு சொல்கிறது. ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றில் கை வைப்பதை இதனால் தவிர்ப்பதே பாதுகாப்பு.

சட்டம் இன்னும் எட்டாத இடம்

இன்றைய கார்களில் பாகம் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. புதிய இன்ஜெக்டரின் குறியீட்டை இன்ஜின் கணினியில் பதிய வேண்டும். புதிய சாவியைத் திருட்டுத் தடுப்பு அமைப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கான மென்பொருள் நிறுவனத்திடம் இருக்கிறது. அதைத் திறந்துவிடும்படி கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் அமைத்த குழு, வேளாண் கருவி, செல்போன், வீட்டுச் சாதனங்களோடு வாகனங்களையும் பழுதுபார்ப்பு உரிமைக்குரிய துறையாகக் குறித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. தகவல் தரும் ஏற்பாடு அது. கட்டாயம் ஏதும் அதில் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லும், ஆஸ்திரேலியா 2022 ஜூலையிலும் பழுதுபார்ப்புத் தகவலை வெளிப் பட்டறைகளுக்குத் தருவதைச் சட்டக் கடமை ஆக்கின. இந்தியாவில் அந்த வேலையை இப்போதைக்குப் போட்டிச் சட்டமே ஓரளவு செய்கிறது.

முடிவாக, வெளியாள் கை வைத்தார் என்பது மட்டுமே வாரண்டியை ரத்து செய்யப் போதுமான காரணம் ஆகாது. அந்த வேலையால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் வாரண்டி கிடையாது. மறுப்பை எழுத்தில் வாங்கிய பிறகு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். உதவி எண்ணில் காத்திருக்கும் நாட்களும் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கில் சேர்ந்தே கழியும்.