நான்கெல்லையில் நிற்கும் வழக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வரப்புத் தகராறுகள் பேச்சில் தீராதபோது மாவட்ட முன்சீப் நீதிமன்றத்துக்கு வருகின்றன. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் நீதிபதி நிலத்தைத் தேடிப்போய் விசாரிப்பதில்லை; இரு தரப்பும் முன்வைப்பதை எடைபோட்டே தீர்ப்பு. வழக்குரையான பிராதில் சொல்லாததைச் சாட்சிக் கூண்டில் சொன்னால் எடுபடாது.

பிராதில் வக்கீலைவிடக் கட்சிக்காரர் கூர்ந்து படிக்க வேண்டியது கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம். ‘கிணற்றுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு’ என்று கிரையப் பத்திரத்தில் இருந்தால், கிணற்றின் மேற்கே நிலம் இருக்கிறது என்று பொருள். தட்டச்சில் அது ‘மேற்கில் கிணறு’ என்றானால் நிலம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடும். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லையே நிற்கும் என்பதால் இது சின்னப் பிழையாகாது. விசாரணை தொடங்கியபின் பிராதைத் திருத்த அனுமதி வாங்குவதும் கடினம். பழைய பத்திரத்தின் சர்வே எண் பட்டாவில் உட்பிரிவாகியிருக்கும். இரண்டையும் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே எழுத வேண்டும். பட்டா மட்டும் உரிமை மூலம் ஆகாது.

கோர்ட் கட்டணத்தை மிச்சம்பிடிக்க வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்பது இங்கே பழகிப்போன சிக்கனம். எதிராளி உரிமையையே மறுத்து, அதில் உண்மையான சிக்கல் எழுந்தால் உரிமை விளம்புகையும் கேட்க வேண்டும் என்று அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாக்கியது. மிச்சம்பிடித்த பணத்துக்குப் பதில் வருடங்கள் போகும்.

பிரதிவாதிக்கு எதிருரை தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் காரணம் பதிந்து 90 நாள் வரை நீட்டலாம். சம்மனை வாங்க மறுப்பது வீண் சாமர்த்தியம், சார்வானதாகவே கொள்வார்கள். பிரதிவாதி வராததால் ஒருதரப்பாகப் பிறந்த எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்க டிக்ரி தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையாகச் சார்வாகாதவருக்கு டிக்ரி தெரியவந்த நாளிலிருந்து. தன்னைக் கேட்காமலே தடை உத்தரவு வருமென்று அஞ்சுபவர் முன்கூட்டியே கேவியட் போடலாம். அது 90 நாள் உயிரோடிருக்கும்.

வரப்பு எங்கே என்பதற்கு, சர்வேயர் துணையோடு அளக்க வழக்கறிஞர் ஆணையரைக் கேட்பது பயன்தரும். அனுபவம் யாரிடம் என்று கண்டுபிடிக்க அவரை அனுப்ப முடியாது. அதற்கு அடங்கல், தீர்வை ரசீது, பக்கத்து நிலத்துக்காரரின் சாட்சியம் வேண்டும்.

டிக்ரி கையில் வந்தாலும் நிலம் தானாக வராது. நிறைவேற்று மனு போட்டு, அமீனா வந்து சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும். அந்த மனுவுக்குக் கெடு 12 ஆண்டு. வேலியை அகற்று என்பது போன்ற செயலுறுத்துக் கட்டளைக்கு 3 ஆண்டுதான். நிரந்தரத் தடைக்குக் கெடுவே இல்லை.