திருவிழாக் கடையும் பிள்ளையின் வாயும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கோயிலுக்குப் போய்வருகிறார்கள். போய்வருகிற ஒவ்வொருவரும் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிவருகிறார்கள். மாமி ஒன்று, சித்தப்பா ஒன்று, ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கும் பெரியம்மா மூன்று என்று கட்டிலுக்குக் கீழே குவிகிறது. அதில் எதைக் கொடுப்பது, எதை ஒளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவளுக்கு ஒன்றரை. நான் அந்த ஒன்றரை வயதை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஒரே கூரைக்குக் கீழே மூத்தவனுக்கு வாங்கியது எதுவும் கடைசியில் இளையவளின் வாய்க்குத்தான் போகும்.

"பிளாஸ்டிக்கை விட்டுப் பனையோலைக்கு மாறினால் போதும்தானே?" என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். போதாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம், அது சின்ன விஷயம்.

2021 மார்ச் 31 முதல் இலங்கையில் சில பிளாஸ்டிக் பொருட்கள் தடைசெய்யப்பட்டன. ஷாம்பு போன்றவற்றின் சின்னச் சாஷேக்கள், பிளாஸ்டிக் தண்டு வைத்த காது துடைக்கும் குச்சிகள், இவற்றோடு காற்றூதி விளையாடும் பொம்மைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. திருவிழாக் கடைக் கம்பத்தில் கொத்தாகத் தொங்கும் காற்றடித்த டொல்பினும் குரங்கும் சட்டப்படி அதோடு முடிந்தன. ஆனால் பலூனுக்கும் பந்துக்கும் நீச்சல் சாமான்களுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். அந்தத் தடை குப்பையை நினைத்துப் போட்டது, பிள்ளையை நினைத்து அல்ல. மூச்சுக்குழாயை அடைப்பதில் பலூனுக்கு நிகரான விளையாட்டுச் சாமான் குறைவு. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் விரலால் எடுப்பது கடினம். அமெரிக்காவில் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இது ஆபத்து என்று பலூன் பொதியிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். எனவே பலூன் வாங்கினால் நீங்களே ஊதிக் கட்டிக் கொடுங்கள். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். அவ்வளவுதான், பலூனே வேண்டாம் என்று சொல்லித் திருவிழாவைக் கெடுக்க நான் வரவில்லை.

நஞ்சு என்று நீங்கள் பயப்படுவதில் முதலிடம் ஈயத்துக்குத்தான். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களைப் பளிச்சென்று காட்டுவதற்கு ஈயக் குரோமேற்று மலிவான வழி. நிறம் உரியும், தூளாகும், பிள்ளையின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போன ஈயத்தை வளர்ந்தவர்களை விட நாலைந்து மடங்கு அதிகமாகச் சின்னப் பிள்ளைகள் உறிஞ்சிக்கொள்கிறார்கள். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காய்ச்சல் போல அது வெளியே தெரியாது. படிப்பிலும் கவனத்திலும் மெல்ல மெல்லத் தெரியும், அப்போது எந்தப் பொம்மை என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. இரும்பும் கல்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். அதனால் முருங்கையிலை வறையும் நெத்தலியும் ஒருவிதத்தில் விளையாட்டுச் சாமானோடு சம்பந்தப்பட்ட சமாச்சாரம்தான்.

பெரிய கம்பனிப் பெயர் இருந்தால் பயமில்லை என்று பெரியம்மா சொல்வார். 2007 ஓகஸ்டில் மற்றெல் கம்பனி தன் பிஷர்-பிரைஸ் பொம்மைகளில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை அமெரிக்காவில் திருப்பி அழைத்தது. சீனத் தொழிற்சாலையில் பூசிய நிறத்தில் ஈயம் இருந்தது. பெரிய பெயர் உள்ளவர்கள் பிடிபட்டால் திருப்பி அழைப்பார்கள், வித்தியாசம் அதுதான். புறக்கோட்டையில் மொத்தமாக ஏற்றி நல்லூர் வீதியில் விரித்து, தேர் முடிந்ததும் மூட்டை கட்டும் கடைக்காரரை அடுத்த மாதம் எங்கே போய்த் தேடுவீர்கள்?

நம் நாட்டிலும் அளவு இருக்கிறது. சுற்றாடல் அமைப்பொன்று நீதிமன்றம் வரை போன பிறகு, 2011இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை பெயின்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்று வர்த்தமானியில் போட்டது. வீட்டுக்குப் பூசும் எனாமலுக்குப் பத்து இலட்சத்தில் 600 பங்கு, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்குப் பூசும் நிறத்துக்கு 90. இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை சேர்த்து வாசியுங்கள். நாங்கள் இயற்கைக்குத் திரும்புகிறோம் என்று தச்சரிடம் வேப்பம்பலகையில் நடைவண்டில் செய்விப்போம். பிறகு ஹாட்வெயார் கடையில் கதவுக்கு வாங்கி மிஞ்சிய எனாமலை அதற்கு அடிப்போம். கதவுக்குச் சரியான பெயின்ற், பல் முளைக்கிற பிள்ளை கடிக்கும் கைபிடிக்குச் சரியாகாது. வண்டிலுக்கு நிறமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிராய் இல்லாமல் நன்றாகத் தேய்த்து, மூலைகளை உருட்டி, வெறும் பலகையாகவே தரச் சொல்லுங்கள். அழுக்குப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இனிப் பிளாஸ்டிக். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒரே சாதி இல்லை. பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். 2, 5 என்றால் ஓரளவு நம்பலாம். 3 என்றால் பிவிசி. பிவிசி பிறவியில் கடினமானது. அதை மெத்தென்று ஆக்கத் தலேற்று என்ற எண்ணெய் போன்ற பொருட்களைக் கலக்கிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை, சப்பச் சப்பக் கசியும், வெயிலில் கிடந்தால் இன்னும் கசியும். ஹோர்மோன்களோடு விளையாடக்கூடியவை என்பதால் ஐரோப்பா 1999இலேயே தற்காலிகத் தடை போட்டு, 2005இல் அதை நிரந்தரமாக்கியது. கடையில் அழுத்தினால் கீச்சிடும் மெத்தென்ற வாத்து, தோல் போல மடங்கும் பாவை, இவற்றில் எண் இல்லாவிட்டால் ஒன்றரை வயதுக்காரிக்கு வேண்டாம். கடும் மணம் வந்தால் வைத்துவிட்டு நடவுங்கள். மணம் வராவிட்டால் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள், தலேற்றுக்குப் பெரும்பாலும் மணம் கிடையாது. கன்னங்கரேலென்ற மலிவுப் பிளாஸ்டிக்கையும் தவிருங்கள். பழைய கணினி, தொலைக்காட்சிக் கூடுகளை உருக்கி வார்த்த கறுப்புப் பிளாஸ்டிக்கில், தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் இரசாயனங்கள் பொம்மைக்குள் வந்துசேர்ந்திருப்பதைப் பல நாடுகளில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். சிஇ என்ற எழுத்துக்களைப் பார்த்தும் மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் செய்தவரே தன் பொருளுக்குக் கொடுக்கும் வாக்குமூலம்.

இவ்வளவும் மெல்லக் கொல்லும் சங்கதிகள். இரண்டு மணித்தியாலத்தில் தொண்டையைச் சுடுவது ஒன்று இருக்கிறது, நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பொத்தான் பற்றரி. மினுங்கும் மோதிரம், லைட் எரியும் பம்பரம், பாட்டுப் பாடும் கைத்தொலைபேசி, தலையில் கொம்பு போல மாட்டும் வளையம், இரவுத் திருவிழாவில் பிள்ளைகள் கை நீட்டுவதெல்லாம் இதற்குத்தான். நாணயம் போன்ற அந்த வட்டப் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்னோட்டம் ஓடி, அந்த இடத்தில் காரம் உண்டாகி, சதையை அரிக்கும். பற்றரி உடைந்து ஒழுகத் தேவையில்லை, பழைய பற்றரியும் இதைச் செய்யும். ஒருகாலத்தில் பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரக் கூடாத பொருள். தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நாங்கள். இப்போது அது பிள்ளையின் விரல் மோதிரத்துக்குள் இருக்கிறது.

பற்றரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நகத்தால் திறபடுகிற எதையும் வாங்க வேண்டாம், மூத்தவனுக்கும் வேண்டாம். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தால், திடீரென்று வாய்நீர் வடிந்தால், சாப்பாட்டைத் தள்ளினால், காரணமில்லாமல் இருமினால், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். மீன்முள்ளுக்குச் செய்வது போலச் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் கொடுத்து இறக்கப் பார்க்கவும் வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள், அல்லது நேரே போதனா வைத்தியசாலைக்குப் போய் எக்ஸ்றே எடுக்கச் சொல்லுங்கள். சின்ன வலுவான காந்த உருண்டைகளுக்கும் இதே அவசரம். இரண்டு விழுங்கினால் குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கான சாமானை உலகெங்கும் ஒரு சின்ன உருளைக்குள் போட்டுச் சோதிக்கிறார்கள். அதன் உள்விட்டம் 31.7 மில்லிமீற்றர். முழுதாக உள்ளே அடங்கும் எதுவும் தொண்டைக்கு ஆபத்து. வீட்டில், பெரியம்மாவுக்காக வாங்கிவைத்திருப்பீர்களே, கழிவறைக் கடதாசிச் சுருள், அதன் நடுவிலுள்ள மட்டைக் குழாய் போதும். அது இன்னும் கொஞ்சம் அகலம், அந்தக் கொஞ்சம் நமக்கு நன்மை. கட்டிலுக்குக் கீழே கிடப்பதையெல்லாம் அதற்குள் போட்டுப் பாருங்கள். மூத்தவனின் போளைகள் முதலாவதாக மாட்டும்.

இனி உங்கள் பனையோலைக்கு வருகிறேன். ஓலைக் கிலுகிலுப்பை எனக்கும் விருப்பம். கடிக்கலாம், பிய்க்கலாம், பிய்ந்தால் ஆடு தின்னும். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையங்களில் ஓலைச் சாமான்கள் கிடைக்கும், இழைக்கிற பெண்களிடம் நேரேயும் சொல்லிச் செய்விக்கலாம். ஆனால் மூன்று விஷயம். ஒன்று, ஊதாவும் பச்சையும் கலந்து இழைத்தது பார்க்க வடிவுதான், அந்த நிறம் சாயத்தூளில் ஓலையை அவித்து ஏற்றியது. நனைத்த வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள், துணியில் நிறம் இறங்கினால் பிள்ளையின் நாக்கிலும் இறங்கும். சாயம் ஏற்றாத சார்வோலையில் கேளுங்கள். மற்றது, உள்ளே என்ன குலுங்குகிறது என்று கேளுங்கள். சிலர் குன்றிமணி போடுவார்கள். பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் அந்தச் சிவப்பும் கறுப்புமான விதை முழுதாகப் போனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும், பல்லில் உடைந்தால் கொடிய நஞ்சு. கிலுகிலுப்பை பிய்வதற்கென்றே செய்தது, பிய்ந்தால் விதை கையில் வரும். மூன்றாவது, ஓலை விளிம்பு புதிதில் கத்தி. உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

உங்கள் வேலியோரத்தில் மஞ்சள் அலரி நின்றால் அதன் கொட்டைகளையும் பொறுக்கி எறியுங்கள். மூத்தவர்கள் அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள், நானும்தான், ஆனால் அது இதயத்துடிப்பையே குழப்பும் நஞ்சு. மண்ணில் விளைந்ததெல்லாம் வாய்க்கு நல்லதென்றால் அலரியும் குன்றிமணியும் நல்லவையாக இருக்க வேண்டும்.

மூத்தவனுக்கு வாங்கிக் கொடுப்பதை விடச் செய்யக் கொடுப்பது நல்லது. இரண்டு நுங்குக் கோம்பை, நடுவில் ஒரு தடி, தள்ளக் கவட்டைக்கம்பு, வண்டில் முடிந்தது. நல்லூர்க் காலத்தில் நுங்கு முற்றிப் பனம்பழமாகி விழத் தொடங்கும். அதனால் பழம் பிசைந்த பிறகு கொட்டையைக் கழுவிக் காயவைத்துத் தும்பைத் தலைமயிராக வாரி, கண்ணும் மூக்கும் கீறச் சொல்லுங்கள். கரியால் கீறட்டும், மார்க்கர் வேண்டாம். இளையவளும் அந்தக் கொட்டையை உருட்டலாம், அது எந்த மட்டைக் குழாய்க்குள்ளும் போகாது.

கடைசியாக, உறவினர் மனம் நோகுமே என்று எழுதியிருந்தீர்கள். நோகும். வாங்கிவருகிறவர்களிடம் முதலே ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். மாமியிடம் ஓலைக் கிலுகிலுப்பை, சித்தப்பாவிடம் பூசாத மரப் பம்பரம், பெரியம்மாவிடம் தடித்த மட்டைப் படப்புத்தகம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் சனம் தேடி அலைந்தாவது வாங்கிவரும். அதையும் மீறி வந்த மினுங்கல் சாமானில் பற்றரியைக் கழற்றி, இரண்டு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, உயரத்தில் வையுங்கள். வாங்கியதில் நிறம் உரிந்தாலோ, பொதியில் செய்தவர், இறக்குமதி செய்தவர் விபரம் இல்லாவிட்டாலோ, பற்றுச்சீட்டையும் பொதியையும் எறியாமல் வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். திருவிழாக் கடையில் பற்றுச்சீட்டா என்று சிரிப்பார்கள். கடை இலக்கத்தையாவது கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்