காரின் மூச்சுக்குழாயை மாற்றும் முன்

சென்ற மாதம் என் அக்கா மகன் தன் காரை வாசலில் நிறுத்தி, போனட்டைத் திறந்து காட்டினான். காற்று வடிகட்டியை மூடியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் பளபளக்கும் அலுமினியக் குழாய் ஒன்றும், அதன் முனையில் காளான் போன்ற சிவப்பு வடிகட்டி ஒன்றும் இருந்தன. செலவு 450 வெள்ளி. ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்துவிட்டு, "சத்தத்தைக் கேட்டீங்களா மாமா? பத்து குதிரைத்திறன் கூடியிருக்காம்," என்றான்.

சத்தம் கேட்டது, மறுக்கவில்லை. பத்து குதிரைத்திறன் எங்கிருந்து வந்திருக்கும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

எஞ்சின் ஒரு காற்றுப் பம்பு. பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் காற்று வருகிறது. அதிலுள்ள உயிர்வளியின் அளவுக்கேற்பத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். 1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இதைக் கன அளவில் சொன்னால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் அதிகமான காற்று. பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சுவது எளிது, ஊசித்துளை சற்று நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால் போதும். காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். ஆகவே காற்று வரும் பாதையை மாற்றினால் எஞ்சினின் திறன் மாறும் என்ற எண்ணத்தில் தவறில்லை. எந்தத் திசையில் மாறும் என்பதுதான் கேள்வி.

அவனுடைய கார் 1.5 லிட்டர் எஞ்சின் கொண்டது. நிமிடத்திற்கு 6,000 சுற்றில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.5 லிட்டர் என்று கணக்கிட்டால், நிமிடத்திற்கு 4,500 லிட்டர், அதாவது விநாடிக்கு 75 லிட்டர் காற்று. இவ்வளவும் வடிகட்டியின் காகித மடிப்புகளின் ஊடே நுழையும்போது அழுத்தம் சற்றுக் குறையும். எவ்வளவு குறையும்? இதை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மீன்தொட்டிக்குப் பயன்படும் ஒளிபுகும் குழாயை U வடிவில் வளைத்து, பாதிவரை வண்ணம் கலந்த நீரை ஊற்ற வேண்டும். ஒரு முனையை வடிகட்டிக்கு அப்பால், எஞ்சின் பக்கமுள்ள குழாயில் இணைத்து, மறுமுனையைத் திறந்தே விட வேண்டும். இரண்டு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே 10 சென்டிமீட்டர் வேறுபாடு வந்தால், அது 1 கிலோபாஸ்கல் அழுத்த இழப்பு. வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் என்பதால், அது 1 விழுக்காடு. குழாயின் கைகள் நல்ல உயரமாக இருக்கட்டும். நீர் எஞ்சினுக்குள் போய்விட்டால் சோதனை அத்தோடு முடிந்தது.

எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றில், சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோ மேடை இருக்கிறது. பழைய பெட்டியையும் புதிய குழாயையும் அங்கே மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தோம். பழைய பெட்டியில், சுத்தமான காகித வடிகட்டியோடு நீர்மட்ட வேறுபாடு 19 சென்டிமீட்டர். புதிய குழாயில் 7 சென்டிமீட்டர். புதியதே சிறந்தது, ஐயமில்லை. ஆனால் எவ்வளவு சிறந்தது? 12 சென்டிமீட்டர், அதாவது 1.2 விழுக்காடு. நூறு குதிரைத்திறன் எஞ்சினில் ஒன்றேகால் குதிரைத்திறன்கூட இல்லை. ஒரே காரை இரண்டு முறை அளந்தாலே டைனோ அந்த அளவு வேறுபாட்டைக் காட்டிவிடும். வடிகட்டியையும் பெட்டியையும் அடியோடு கழற்றி எறிந்தாலும் 1.9 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்க வழியில்லை. இழந்ததைத்தானே மீட்க முடியும்?

டைனோவில் இன்னொன்றையும் கவனித்தேன். அங்கே போனட் திறந்திருந்தது, முன்னால் பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சாலையில் யாரும் போனட்டைத் திறந்துவைத்து ஓட்டுவதில்லை.

ஆகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காராக் நெடுஞ்சாலைக்குப் போனோம். கோம்பாக் டோல் சாவடியில் வாகன வரிசையில் ஊர்ந்துவிட்டு, கெந்திங் செம்பா நோக்கி மேடேறினோம். காரின் கணினியோடு இணைக்கும் சிறு கருவி, எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியில் காட்டும். பழைய பெட்டியோடு மேடேறும்போது 40 டிகிரி செல்சியஸ். புதிய காளானோடு 60 டிகிரி. அதற்குக் காரணம் எளிது. பழைய பெட்டியின் வாய், ரேடியேட்டருக்கு முன்னால், வெளிக்காற்று வந்து மோதும் இடத்தில் இருந்தது. புதிய வடிகட்டியோ ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் பின்னால், அவை இரண்டும் சுடவைத்து அனுப்பும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

நான்காம் படிவத்தில் வாயு விதிகளைப் படிக்கும் மாணவர்கள் மீதியைத் தாங்களே கணக்கிட்டுவிடலாம். அழுத்தம் மாறாதபோது காற்றின் அடர்த்தி, கெல்வின் வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 40 டிகிரி என்பது 313 கெல்வின், 60 டிகிரி 333 கெல்வின். 313-ஐ 333-ஆல் வகுத்தால் 0.94. அடர்த்தியில் 6 விழுக்காடு போயிற்று. காற்று எப்படியும் உள்ளே போகும் வழியில் சற்றுச் சூடாகும் என்பதால் உண்மையான திறனிழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் சூடான காற்று வந்தால், நாக்கிங் எனப்படும் தட்டலைத் தவிர்க்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும், அதுவும் திறனைக் குறைக்கும். 1.2 விழுக்காட்டைத் தேடிப் போய் அதைப்போல் நான்கைந்து மடங்கை இழந்திருக்கிறான். ஒரே மேட்டில் மூன்றாவது கியரில் 60-லிருந்து 90 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எடுத்த நேரத்தையும் குறித்தோம். புதிய குழாயோடு அரை விநாடிக்கும் சற்று அதிகமாகவே ஆனது.

"ஆனா வேகமா போற மாதிரிதானே மாமா இருந்துச்சு?" என்றான். அவன் சொன்னதும் பொய்யல்ல. பழைய பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்று அறையைப் பலர் வீண் அடைப்பு என்று நினைக்கிறார்கள். காலிப் போத்தலின் வாயில் ஊதினால் ஓர் ஒலி எழும் அல்லவா? அதே தத்துவந்தான். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் எழும் உறிஞ்சல் ஒலியை அந்த அறை விழுங்கிவிடும். அதைக் கழற்றியதும் எஞ்சினின் முழு ஒலியும் காதில் விழுகிறது. வேகத்தைக் காதாலும் அளப்பவர்கள் நாம்.

பெட்ரோல் மிச்சமாகும் என்ற பேச்சும் உண்டு. சாதாரண ஓட்டத்தில் நாம் ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் மிதிக்கிறோம். அப்போது திராட்டில் தட்டு பாதி மூடியிருந்து, தானே காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்திவைத்துவிட்டு வாசற்படியை அகலப்படுத்துவதால் என்ன பயன்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, நவீன பெட்ரோல் கார்களில் வடிகட்டி அடைத்துக்கொண்டால்கூட எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறுவதில்லை, வேகமெடுப்பதுதான் குறைகிறது என்று காட்டியது.

சில கார்களில் ஆபத்தும் இருக்கிறது. உள்ளே வரும் காற்றின் பொருண்மையைச் சூடான மெல்லிய கம்பியால் அளக்கும் உணர்கருவி, குழாயின் விட்டத்துக்கேற்பக் கணக்கு வைத்திருக்கிறது. 60 மில்லிமீட்டர் குழாயிலிருந்த கருவியை 70 மில்லிமீட்டர் குழாயில் செருகினால், குறுக்குப் பரப்பு 36 விழுக்காடு கூடிவிடும். காற்று மெதுவாக நகரும், கருவி குறைத்துச் சொல்லும், கணினியும் பெட்ரோலைக் குறைத்துவிடும். மெதுவாக ஓட்டும்போது புகைக்குழாயில் உள்ள உயிர்வளி உணர்கருவி இதைச் சரிசெய்யப் பார்க்கும். முழுதாக மிதிக்கும்போது பெரும்பாலும் அந்தத் திருத்தம் நடப்பதில்லை. பெட்ரோல் குறைந்த கலவை, அதிக வெப்பம், தட்டல் என்று வரிசையாக வந்து பிஸ்டனில் போய் முடியும். எண்ணெய் தடவும் பஞ்சு வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தாலும் அந்தக் கம்பியில் அது படிந்துவிடும்.

அப்படியானால் குளிர்ந்த காற்று வரும் இடத்துக்குக் குழாயை நீட்டினால்? அப்படியும் விற்கிறார்கள், பம்பருக்குப் பின்னால் சாலையை ஒட்டி இறங்கும் நீண்ட குழாய். வெப்பக் கணக்கில் அது சரி. எனக்கு அச்சம் தருவது தண்ணீர். 1.5 லிட்டர் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரும் 375 கன சென்டிமீட்டர். அழுத்த விகிதம் 10 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே எஞ்சும் இடம் 42 கன சென்டிமீட்டர் மட்டுமே. மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் அதைவிட அதிகம். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும், சில வேளை எஞ்சினையே பிளந்து வெளியே வரும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக் கூரை நோக்கி நீர் ஏறியதைப் பார்த்தோம். அந்த அளவு வெள்ளம் வேண்டாம், அடைத்த சாக்கடையால் தெருவில் முழங்காலளவு தேங்கும் நீரே அந்தக் குழாய்க்குப் போதும். தயாரிப்பாளர் காற்றுவாயை மேலே வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய பெட்டியே தெய்வம் என்று நான் சொல்லவில்லை. செலவைக் குறைக்கச் சில நிறுவனங்கள் அதன் வாயைக் குறுக்கிவிடுகின்றன. டர்போ எஞ்சினில் டர்போவுக்கு முன்னால் ஏற்படும் இழப்பு பெருக்கமடைவதால், அங்கே பாதையை அகலப்படுத்துவதில் பலன் கூடுதல். மற்றவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. டைனோவில் அழுக்கேறிய வடிகட்டி ஒன்றையும் போட்டுப் பார்த்தோம், 31 சென்டிமீட்டர். சுத்தமானதைவிட 12 அதிகம். அதாவது 450 வெள்ளிக் குழாய் மீட்டுத்தந்த அதே அளவை, ஒரு புதிய காகித வடிகட்டி மீட்டுத்தரும். பெட்டியின் வாய்க்குழாய் கழன்று கிடக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி மாற்றுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு மாட்ட மறப்பதுண்டு. கழன்றிருந்தால் உங்கள் காரும் சுடுகாற்றைத்தான் குடிக்கிறது.

அலுமினியம் சூடாகிக் காற்றையும் சுடவைக்குமே என்று சிலர் கேட்பார்கள். முழு வேகத்தில் அரை மீட்டர் குழாயைக் காற்று கடக்க விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகிறது, சூடாக நேரமில்லை. நெரிசலில் ஊரும்போதுதான் அது பொருட்டு.

அக்கா மகன் குழாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிவப்பு வடிகட்டியைச் சுற்றித் தகட்டுப் பெட்டி ஒன்றைச் செய்து, விளிம்புகளில் ரப்பர் ஒட்டி, பழைய வாய்க்குழாயை அதில் இணைத்தான். அடுத்த ஞாயிறு அதே மேட்டில் 43 டிகிரி காட்டியது. நேரம், பழைய பெட்டியோடு எடுத்த நேரத்துக்கு ஏறத்தாழச் சமம். சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று அவனுக்கு வருத்தம். கழற்றிய கறுப்புப் பெட்டி இப்போது என் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது.