ராணித் தேனீ இருக்கிறதா, இல்லையா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். ராணி கண்ணில் படவே இல்லை. செத்துவிட்டதா என்று எப்படி அறிவது?
– வாசகர், மேலநீலிதநல்லூர்

பதில்: ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள். காலை வெயிலில் சட்டத்தைச் சாய்த்துப் பாருங்கள். அறைக்கு ஒரு முட்டை வீதம் அடியில் நின்றால், கடந்த 3 நாட்களுக்குள் ராணி முட்டையிட்டிருக்கிறது.

உங்கள் பகுதிக் கோடையில் பூ குறையும்போது முட்டையும் குறையும். அப்போது சர்க்கரைப் பாகு கொடுத்துப் பாருங்கள்.

முட்டையும் புழுவும் அறவே இல்லையா? வேறொரு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டத்தை, தேனீக்களை உதறிவிட்டு, இதில் வையுங்கள். சில நாட்களில் ராணி அறை கட்டினால் ராணி இல்லை என்று பொருள். முட்டையிலிருந்து சுமார் 16 நாட்களில் புது ராணி வெளிவரும். கட்டாவிட்டால், இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் ராணி இருக்கலாம். இரண்டு வாரம் பொறுங்கள்.

ஓர் அறையில் பல முட்டைகள், சிதறிக் கிடக்கும் உப்பிய மூடிகள் இருந்தால் பணித் தேனீக்களே முட்டையிடுகின்றன. அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள்தான் வரும். நம் இந்தியத் தேனீயில் இது விரைவிலேயே நேரும். அந்தக் கூட்டத்தை, நடுவே செய்தித்தாள் விரித்து, ராணியுள்ள வலுவான பெட்டியோடு இணைத்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். முட்டை கண்ட தேதியைக் குறித்து வையுங்கள்.