இரலை வேட்டைக்கேற்ற ரைபிள்

கிளைத்த கொம்பை ஆண்டுதோறும் உதிர்ப்பது மான். கிளையாத கொம்பை வாழ்நாள் முழுதும் தாங்கி நிற்பது இரலை. இரண்டனையும் மானென ஒருங்கே கூறுதல் உலக வழக்காயினும், விலங்கு நூலார் வேறாகவே கொள்வர். நம் நாட்டு இரலையாகிய வெளிமானைக் கோடியக்கரையில் இன்றுங் காணலாம். 1972-ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் காத்து வருதலின் அதனைச் சுடுதல் குற்றமாம். ஆகவே நாம் ஈண்டு ஆராயப் புகுவது, சட்டத்திற்குட்பட்டு இரலை வேட்டை நடைபெறும் தென்னாப்பிரிக்க நாட்டைப் பற்றியதேயாகும்.

அந்நாட்டில் கரூ என்னும் வறண்ட சமவெளியில் ஸ்பிரிங்பாக் என்னும் இரலைகள் மந்தை மந்தையாக மேய்கின்றன. முதுகை வளைத்து நெட்டுயரத் துள்ளும் இயல்பினவாதலின் இப்பெயர் பெற்றன. எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ. வெட்டவெளியாதலின் வேடன் அணுகுமுன்னரே அவை அவனைக் கண்டுகொள்ளும். 200 மீட்டருக்கு அப்பாலிருந்தே சுட நேரிடுவதும் உண்டு.

காலிபரைத் தேர்வார் முதலில் நோக்கற்பாலது இத்தொலைவே. காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் துளை விட்டம். சிறு விலங்கிற்குச் சிறு குண்டே சாலுமென எண்ணி .22 ரைபிளை நாடுவாரும் உளர். அதன் குண்டு 2.6 கிராம் எடையது. விநாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் செல்வது. முயலுக்கு அது போதும். ஸ்பிரிங்பாக்கின் விலாவிற் பட்டாலோ, அவ்வுயிர் வீழாது ஓடி, நெடுநேரம் துடித்து, எங்கோ ஒரு புதரில் மடியும். இறைச்சியும் எவர்க்கும் பயன்படாது. இதனை வேட்டையென்று கூற நாம் ஒருப்படோம்.

1955-இல் வெளிவந்த .243 வின்செஸ்டர் தோட்டாவை இதனோடு ஒப்பிடுக. குழலின் துளையோ சிறிதே பெரிது. ஆயினும் 6.5 கிராம் குண்டு விநாடிக்கு 900 மீட்டர் அளவிற் பாய்கின்றது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதாகலின், இதன் ஆற்றல் முன்னதைப்போல் ஏறக்குறைய 18 மடங்காம். துளையின் அளவை மட்டும் கேட்டுத் துப்பாக்கி வாங்குவார் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். குண்டு நெஞ்சிற் பட்டால் இரலை நின்றவிடத்தே அல்லது சிறிது தொலைவு ஓடி வீழும்.

அங்ஙனமாயின் காட்டெருமைக்குரிய .375 இன்னுஞ் சிறந்ததன்றோ எனின், அன்று. அதன் உதைப்பிற்கு அஞ்சிச் சுடுவோன் விசையை இழுக்கும்போதே தோள் சுருங்குவான், குறி தவறும்.

புதர்க்காட்டில் வாழும் டைக்கர் என்னும் சிற்றிரலைக்கு நெறி வேறு. டைக்கர் என்பதற்கு முக்குளிப்பான் என்று பொருள். அஞ்சியவுடன் புதருள் மூழ்கி மறைதலின் அப்பெயர். அதனைச் சுடுவது பெரும்பாலும் 50 மீட்டருக்குள்ளாகவே. அத்துணை அண்மையில் விரைந்த மெல்லிய குண்டு உடைந்து சிதறி இறைச்சியைப் பாழாக்கும். ஈண்டு 1892-இல் தோன்றிய 7 மில்லிமீட்டர் மவுசரின் கனத்த, வேகங் குறைந்த குண்டே நன்று.

மீண்டும் கரூவிற்கு வருவோம். அங்கே காற்று வலிது. இலேசான குண்டைப் பக்கவாட்டில் ஒதுக்கும். அன்றியும், 200 மீட்டருக்குக் குறி சரிசெய்த .243 ரைபிளின் குண்டு 300 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சாண் தாழும். நெஞ்சுக்கு வைத்த குறி காலில் முடிதற்கு அவ்வொரு சாணே போதும். ஆதலின் அத்தொலைவிற் பயிலாதவன் இன்னுஞ் சிறிது அணுகிச் சென்றே சுடல் வேண்டும்.