கருப்பைவாய்ப் புற்றுநோய்: படிகளும் பரவலும்

நெசவாளர் ஒருவர் தறியில் இழை அறுந்தால் அக்கணமே தறியை நிறுத்தி அதனைப் பிணைப்பார். பயிரில் பூச்சி கண்ட உழவர் மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளாவிருப்பதில்லை. ஆனால், வீட்டுப் பெண்களின் நோயைப் பொறுத்தவரை, நாணத்தாலும் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற எண்ணத்தாலும் நாம் பல மாதங்களைக் கடத்திவிடுகிறோம். இத்தாமதத்தால் பெருங்கேடு விளைவிப்பது கருப்பைவாய்ப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென்றும், ஏறத்தாழ 80,000 பேர் இதனால் மாண்டனரென்றும் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் மதிப்பிட்டுள்ளது.

நோயின் தோற்றம்

கருப்பையின் கீழ்ப்புறத்துக் குறுகிய பகுதியே கருப்பைவாய். எச்.பி.வி. என்னும் கிருமி அங்கே நெடுநாள் தங்கிவிடுவதே இந்நோய்க்கு மூலகாரணம். இக்கிருமி மிகச் சாதாரணமாகப் பரவுவது. பெரும்பாலோர் உடலிலிருந்து தானே நீங்கிவிடும். ஆகவே, நோயுற்றவரின் ஒழுக்கத்தை ஐயுறுவது அறியாமையாகும். நீங்காமல் தங்கிய சிலரிடத்து மேல்தோல் அணுக்கள் சிறிது சிறிதாக மாறுபட்டுப் புற்றாவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இந்த நீண்ட இடைக்காலமே நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு.

நான்கு படிகள்

முதற்படியில் புற்று கருப்பைவாய்க்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டாம் படியில் அருகிலுள்ள திசுக்களுக்கோ யோனியின் மேற்பகுதிக்கோ பரவும். மூன்றாம் படியில் யோனியின் கீழ்ப்பகுதியையோ இடுப்பெலும்புக் கூட்டின் சுவரையோ எட்டும். அல்லது நிணநீர்க் கணுக்களில் இறங்கும். சிறுநீர்க் குழாயை நெருக்கிச் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் இப்படியிலேதான். நான்காம் படியில் சிறுநீர்ப்பையையோ மலக்குடலையோ துளைக்கும். அல்லது இரத்தத்தின் வழியே நுரையீரல், ஈரல், எலும்பு முதலிய தொலை உறுப்புகளை அடையும்.

குணமாகும் வாய்ப்பு

அமெரிக்க நாட்டுக் கணக்கின்படி, நோய் கருப்பையைத் தாண்டாத நிலையில் கண்டறியப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிர்வாழ்கின்றனர். அருகில் பரவியிருப்பின் அது பத்தில் ஆறாகவும், தொலை உறுப்புகளுக்குச் சென்றிருப்பின் பத்தில் இரண்டுக்கும் குறைவாகவும் தேய்கிறது. தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சையே பெரும்பாலும் போதுமானது. பின்னர்க் கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்து அளிப்பர். மூன்றாம் படியிலும் குணமடைவோர் உளர். ஆகவே எந்நிலையிலும் மனந்தளர்ந்து சிகிச்சையை இடையில் நிறுத்தலாகாது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பெற்ற அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரே நாளில் சென்று மீளக்கூடிய தொலைவிலேயே உள்ளது.

திண்டுக்கல் காட்டிய வழி

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு முதல், அம்பிளிக்கை சுகாதார நிலையமும் அடையாறு மருத்துவமனையும் பன்னாட்டு ஆய்வாளருடன் இணைந்து ஓர் ஆய்வை நடத்தின. பயிற்சி பெற்ற செவிலியர் 30 முதல் 59 வயது வரையிலான கிராமத்துப் பெண்களின் கருப்பைவாயில் காடியில் உள்ள அமிலத்தை நீர்த்த அளவில் தடவிப் பார்த்தனர். மாறுபட்ட அணுக்கள் உள்ள இடம் வெண்மையாகத் தோன்றும். அதனை அப்போதே குளிரூட்டி அழித்துவிடலாம். பரிசோதனை அளிக்கப்பட்ட ஊர்களில், ஏனைய ஊர்களைவிட நோய் 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்பது 2007இல் வெளியாயிற்று. பெரும் கருவிகள் ஏதுமின்றி ஒரே ஒரு முறை செய்த சோதனையின் பயன் இது.

நாம் செய்ய வேண்டுவன

மாதவிலக்குக்கு இடைப்பட்ட நாட்களிலும், உடலுறவுக்குப் பின்னும், மாதவிலக்கு நின்ற பின்னும் காணும் இரத்தப்போக்கும், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் எச்சரிக்கைகளாம். ஆயினும் தொடக்கத்தில் நோவு இராது. எனவே, குறி தோன்றும் வரை காத்திராமல் 30 வயது கடந்த சகோதரிகள் பூந்தமல்லி அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ விசாரித்துப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். தனியே செல்லக் கூசுவோர் நால்வர் ஐவராகச் சேர்ந்து செல்லலாம்; கூடிச் செயலாற்றுவது சங்கத்தார்க்குப் புதிதன்று. 9 முதல் 14 வயதுச் சிறுமியர்க்குத் தடுப்பூசியும் உண்டு. ஆடவர் தம் மனைவியரை அனுப்பினால் மட்டும் போதாது. அன்றைய வீட்டு வேலையையும் தறி வேலையையும் தாமே ஏற்று, அவர்கள் கவலையின்றிச் சென்றுவரச் செய்தல் கடமையாம்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. இந்நோய் புற்றாக முற்றுவதற்குள் நமக்குக் கிடைக்கும் காலம் எவ்வளவு?
2. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நம் சங்கத்தில் 30 வயது கடந்த பெண்களுள் பரிசோதனை செய்துகொள்ளாதவர் எத்தனை பேர்? அவர்கள் செல்வதற்குத் தடையாயிருப்பது எது?